அம்மாவின் தையலைக் கண்காணித்தவர்களுக்கு எங்கள் நன்றி

பெரியவர்களுக்கும் சிஸ்டர்மார்களுக்கும் வணக்கம்.

இடுப்பெலும்பு முறிந்த எங்கள் அம்மாவுக்கு உலோகத் தகடு பொருத்தி, தையல் பழுக்காமல் தேற்றி அனுப்பிய பாலக்காட்டு மருத்துவமனைக் குழுவினருக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இம்மடலை எழுதுகிறோம். அறுவை செய்த மருத்துவருக்கு நேரிலேயே கைகூப்பிவிட்டதால், இது பெரும்பாலும் மற்றவர்களுக்கானது.

அறுவைக்கு முன் முடியை மழிக்கவில்லையே என்று பெரியப்பா கேட்டபோது, பிளேடால் மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து கிருமி தங்கும் என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே மழிக்கக் கூடாது என்று இருப்பதாக வார்டு சிஸ்டர் தமிழும் மலையாளமும் கலந்து விளக்கி, தேவையான இடத்தில் மட்டும் கிளிப்பரால் கத்தரித்தார். பெரியப்பாவுக்குத்தான் கடைசிவரை சமாதானமாகவில்லை. தோலைக் கீறுவதற்கு முன்பே கிருமிக்கொல்லி ஊசி போட்டதையும், இரவிலும் சர்க்கரை அளவைப் பார்த்ததையும் மறக்கமாட்டோம்.

ஆனால் இம்மடலின் பெரும்பங்கு நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவின் சிஸ்டருக்குரியது. பெரும்பாலான தொற்றுகள் வீடு திரும்பிய பிறகே தலைகாட்டுகின்றன. சாதாரண அறுவைக்கு 30 நாளும், தகடு வைத்தவர்களுக்கு 90 நாளும் கவனிக்க வேண்டும் என்றார். அம்மா தேறுவதற்காகக் கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடி தாண்டிப் பொள்ளாச்சியில் சித்தி வீட்டுக்குப் போனபோதும் அவருடைய அழைப்பு நிற்கவில்லை. மாநிலம் மாறினால் நோயாளி பதிவேட்டிலிருந்தே காணாமல் போவது எல்லைப்புறத்தில் வழக்கம்தானே! காய்ச்சல் உண்டா, தையலைச் சுற்றிச் சூடாக இருக்கிறதா, கட்டுத்துணியில் கறை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். ஒருநாள் தையலோரம் சிவந்து நீர் கசிந்ததும், மஞ்சளோ பவுடரோ போட வேண்டாம் என்று தடுத்து, வாட்ஸப்பில் படம் வாங்கிப் பார்த்து, அன்றே வரவழைத்துக் கசிந்த நீரைப் பரிசோதனைக்கு எடுத்தார். கிருமி எதுவும் வளரவில்லை.

தொற்றாக இருந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதி, அறுவை செய்த மருத்துவரிடமே தொற்றுக் கணக்கைக் காட்டியிருப்பேன் என்றார். அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்து 1985-இல் வெளியான ஆய்வொன்றில், முறையான கண்காணிப்பும் கட்டுப்பாடும் இருந்து, தொற்று விகிதத்தை அறுவை மருத்துவர்களுக்குத் தெரிவித்துவந்த இடங்களில் தொற்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று அறிந்தபோது அவருடைய கண்டிப்பு புரிந்தது.

கட்டு மாற்றிக் குறிப்பெழுதித் தந்த பொள்ளாச்சி செவிலியருக்கும், வாசல்வரை வந்து விசாரித்த ஆஷா பணியாளருக்கும் நன்றி. சிஸ்டர் இந்தப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

நன்றியுடன்,
குடும்பத்தார்