சிரட்டைத் தாளம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

ஏட்டி,

உன் கடிதம் கிடைத்தது. ஆனித் தேருக்கு நீ வராதது எனக்குக் குறைதான். அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா?

மழலையர் பள்ளியில் பாட்டு சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், ‘கர்நாடக சங்கீதத்தில் நாலு வர்ணம் மட்டும் பாடத் தெரிந்த எனக்கு இது சரிப்படுமா’ என்று கேட்டிருக்கிறாய். அருணாசலம் நாகசுரம் ஊதிய காருகுறிச்சியில் பிறந்தவள் இப்படிக் கேட்கலாமா? தைரியமாகப் போ.

என் முதல் நாளைச் சொல்கிறேன். பிள்ளைகளைச் சம்மணம் போட வைத்து, சுருதிப் பெட்டியைப் போட்டு, மாயாமாளவகௌளை ராகத்தில் ‘ஸ ரி க ம’ என்று சரளி வரிசை ஆரம்பித்தேன். ஐந்தே நிமிஷம். ஒருத்தன் மேஜைக்கடியில் போய்விட்டான், இரண்டு பேர் அழுகை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. தப்பு சுருதியில் என்பது பிறகுதான் பிடிபட்டது. நான் பாடுவது 5 கட்டை சுருதி. அந்த ஷட்ஜம், அதாவது கீழ் ‘ஸ’, மூன்று வயதுத் தொண்டைக்கு ரொம்பக் கீழே, பெரும்பாலும் எட்டாது. நம் பஞ்சமம், அதாவது ‘ப’விலிருந்து மேல் ‘ஸ’, மிஞ்சினால் அதற்கடுத்த ‘ரி’ வரைதான் அதுகளுக்கு வாகான இடம். அதற்குக் கீழே பாடினால் பிள்ளை முனகும். நாமோ ‘இதுக்குச் சுருதி நிக்கலை’ என்று சொல்லிவிடுவோம். பாவம்ட்டி அது.

இப்போது வகுப்பைப் பதனிக்காரர் கூவலில் ஆரம்பிக்கிறேன். ‘பதனீ...’ என்று மேலே நின்று கீழே இறங்குமே, அந்த இரண்டே ஸ்வரம். அந்த மெட்டிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். தன் பேர் பாட்டாக வந்ததும் அந்த முகத்தை நீ பார்க்க வேண்டும்!

தாளத்துக்கு ஆளுக்கு இரண்டு தேங்காய்ச் சிரட்டை. விளிம்பை நன்றாகத் தேய்த்துக் கொடு. நம் காலப்பிரமாணத்துக்கு அவர்கள் கை நிற்காது, அவர்களுடையது வேகம். அவர்கள் தட்டுகிற வேகத்துக்கு நீ பாடு. 20 நிமிஷம் போதும். ஒரே பாட்டை எத்தனை நாள் பாடினாலும் அலுப்பு நமக்குத்தான், அதுகளுக்கு இல்லை.

உடனே திருப்பிப் பாடும் என்று மட்டும் எதிர்பார்க்காதே. இரண்டரை வயதுப் பையன் ஒருத்தன் இரண்டு மாசமாக வாயே திறக்கவில்லை. சிரட்டையை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்திருப்பான். எனக்கு உள்ளுக்குள் உறுத்தல். ஒரு நாள் அவன் ஆச்சி வந்து, “குளிப்பாட்டுதப்போ செம்புல தட்டித் தட்டி முழுப் பாட்டும் பாடுதான் டீச்சர்” என்று சொல்லி, பாடியும் காட்டினாள். பேரன் பாடிப் பாடி ஆச்சிக்கும் பாடமாகியிருந்தது. நான் மூச்சு எடுக்கிற இடத்தில் ஆச்சியும் மூச்சு எடுத்தாள். வகுப்புக்குப் போகும் பயம் அன்றோடு என்னை விட்டுப் போனது.

வேலையில் சேருமுன் ஒரு நடை இங்கே வந்து என் வகுப்பில் உட்கார்ந்து பார். வரும்போது உங்கள் ஊர் மண்பாண்டக்காரரிடம் உள்ளங்கை அளவில் கலயம் பத்து வாங்கி வா, நன்றாக வெந்ததாக. ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்து எடு. காசு நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி