பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரி: ஒரு நன்றி மடல்

வணக்கம்.

போன வாரம் என் மகளின் திருத்திய பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. பாலினம் என்ற இடத்தில் 'பெண்' என்று இருக்கிறது. அவளுக்கு நாலு முடிந்து ஐந்து நடக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காகப் பதினாலு மாதம் அலைந்தோம். அலையும்போது கூட நின்றவர்களுக்கு ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவோம். அதனால்தான் இந்த மடல்.

மகள் பெயரை எழுதப் போவதில்லை. இது அவள் கதை. வளர்ந்து, சொல்லத் தோன்றினால் அவளே சொல்லிக்கொள்ளட்டும். உதவியவர்கள் பெயரும் இல்லை. எங்கள் பக்கம் ஒரு பெயர் தெரிந்தால் போதும், சாயங்காலத்துக்குள் வீட்டு வாசல் வரைக்கும் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள். படிக்கும்போது இது நீங்கள்தான் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பிரசவத்தில் குழந்தையைப் பார்த்தவர்கள் ஆண் என்றார்கள். வெளியே பார்க்க அப்படித்தான் இருந்தது. விதை இன்னும் இறங்கவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிறப்பைப் பதிந்து 'ஆண்' என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் வைக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டோம். அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பின்னால்தான் தெரிந்தது.

பதினாறாம் நாள் குழந்தை குடித்த பாலையெல்லாம் கக்கியது. மறுநாள் அழக்கூடச் சத்தில்லை. இரவு பத்து மணிக்கு 108-ல் ஏற்றிக்கொண்டு போனோம். அன்றைக்கு இரவு ட்யூட்டியில் இருந்த டாக்டரம்மாவுக்குத்தான் என் முதல் நன்றி. மற்றவர்கள் வயிற்றுப்போக்கு, கிருமி என்று பேசிக்கொண்டிருக்க, நீங்கள் குழந்தையின் துணியை விலக்கி ஒரு நிமிடம் பேசாமல் பார்த்தீர்கள். "சொந்தத்துல கல்யாணமா?" என்று என்னைக் கேட்டீர்கள். ஆமாம், என் கணவர் எனக்குத் தாய்மாமன். உடனே ரத்தத்தில் உப்புச் சத்துப் பார்க்கச் சொன்னீர்கள். சோடியம் தரைக்கு இறங்கி, பொட்டாசியம் ஏறி நின்றது. அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே வரும் கோளாறு, உடம்பு உப்பைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டுவிடுகிறது, அதே கோளாறால் பெண் குழந்தை வெளியே ஆண் மாதிரி தெரியலாம் என்று நீங்கள் சந்தேகப்பட்டிருக்காவிட்டால், இந்த மடல் எழுதவே வேண்டியிருந்திருக்காது.

பெங்களூரில் எடுத்த பரிசோதனைகள் அதையே சொல்லின. ஸ்கேனில் கருப்பை இருந்தது. குரோமோசோம் எக்ஸ் எக்ஸ். அப்பா அம்மா இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்று அங்கே ஒரு நர்ஸ் அக்கா என் உள்ளங்கையில் நாலு கோடு போட்டுக் காட்டினார். கன்னடத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். எனக்கு முதன்முதலாகப் புரிந்தது அப்போதுதான். யார் பாவமும் இல்லை, யார் சாபமும் இல்லை.

அதிலிருந்து வீட்டில் உப்புக்கென்று ஒரு தனி டப்பா. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவை மருந்துக் கடைத் தராசில் நிறுத்து, பொட்டலம் பொட்டலமாக மடித்து வைத்துக்கொள்வோம். மாத்திரையைப் பொடித்து, சங்கில் தண்ணீர் விட்டுக் கரைத்து, நாளுக்கு மூன்று வேளை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், தாமதிக்கவே கூடாது. இதில் ஒரு மாத்திரை தருமபுரிக் கடைகளில் சுலபமாகக் கிடைக்காது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை அண்ணா, நாலு வருடமாக எங்களுக்காகவே அதைப் பெங்களூரிலிருந்து பார்சலில் வரவழைத்து வைக்கிறீர்கள். ஊரடைப்பு, மழை எது வந்தாலும் ஒரு அட்டை மேசை இழுப்பறையில் இருக்கும். "பாப்பாவோடது" என்று எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பீர்கள். பாப்பா என்று எழுதிய முதல் ஆள் நீங்கள்தான். அப்போது அரசாங்கக் காகிதம் எல்லாவற்றிலும் அவள் பையன்.

அதுதான் சிக்கல். ஆஸ்பத்திரிக் கோப்பில் பெண், கையில் இருந்த சான்றிதழில் ஆண். ஒவ்வொரு முறையும், "இது வேற குழந்தையோட சர்டிபிகேட்டும்மா" என்று திருப்பி நீட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது நெருங்கவும், இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று கிளம்பினோம்.

முதலில் போன அலுவலகத்தில் பெயரில் எழுத்துப் பிழை என்றால் திருத்தலாம், பாலினம் என்றால் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்றார்கள். அடுத்த இடத்தில் திருநங்கை அடையாள அட்டைக்கு மனுப் போடச் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் சொன்னதை எழுத மனமில்லை. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதும் இல்லை. இன்னொரு தாய் வந்தால் அவளை உட்கார வைத்துப் பேசுங்கள், அது போதும்.

ஒரு திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலக வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு திருநங்கை அக்கா, வீட்டுமனைப் பட்டா கேட்டு மனுவோடு. குழந்தைக்கு மாத்திரை கொடுக்க நான் சங்கைத் துடைத்தபோது தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வந்தது. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் சொன்னா டாக்டர் சொல்லட்டும்கறாங்க. உனக்கு டாக்டரே சொல்லிட்டாரு, கோர்ட்டு சொல்லட்டும்கறாங்க. போம்மா" என்றார். கலெக்டர் கொடுக்கும் அந்த அடையாளச் சான்று 2019-ல் வந்த சட்டத்தின்படி தருவது, சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் மனுப் போடலாம், அது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம், ஆனால் நீ கேட்பது வேறு, உன் குழந்தையைத் தப்பாக எழுதிவிட்டார்கள், அதைத் திருத்தச் சொல்லு என்று அவர்தான் பிரித்துச் சொன்னார். படித்தவர்கள் மூன்று பேர் குழப்பியது ஐந்து நிமிடத்தில் தெளிந்தது.

இன்னொன்றும் சொன்னார் அந்த அக்கா. அப்போது எங்கள் சொந்தக்காரர்கள், ஆபரேஷன் பண்ணிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தந்த தீர்ப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. இப்படிப் பிறக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு, உயிருக்கு ஆபத்து என்றால் ஒழிய, அவசரப்பட்டுப் பாலின அறுவை செய்யக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஆணையே போட்டுவிட்டது. "உடம்பு அவளோடது. பெருசானதும் அவ சொல்லட்டும்" என்றார். அக்கா, நாங்கள் காத்திருக்கிறோம். உங்கள் பட்டா வந்ததா என்று தெரியவில்லை. ஃபோன் நம்பர் வாங்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

அவர் கை காட்டித்தான் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. 15100 என்று ஒரு நம்பரும் இருக்கிறதாம். எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும். இ-சேவை மையத் தம்பி தட்டிக் கொடுத்த மனுவில் 'பாலின மாற்றம் வேண்டி' என்று தலைப்பு இருந்தது. நீங்கள் பேனாவை எடுத்து 'மாற்றம்' என்பதை அடித்து, மேலே 'திருத்தம்' என்று எழுதினீர்கள். "எதுவும் மாறலை இல்லையா? அப்புறம் ஏன் மாற்றம்?" நாலு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிப் பார்த்து எனக்கு வராத வாக்கியம் அது.

1969-ம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பிரிவு 15. பதிவில் பிழை இருப்பது தெரிந்தால் பதிவாளரே திருத்தலாம்; பழைய எழுத்தை அழிக்காமல், பக்கத்தின் ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். பெரிய பிழை என்றால் உண்மை தெரிந்த நம்பகமான இருவர் உறுதிமொழி தர வேண்டும். சட்டம் இவ்வளவு சிறியதா என்று என் மாமா வாயைப் பிளந்தார். (கணவரை இன்னும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.) பெங்களூர் டாக்டர் 'பிறவியிலிருந்தே பெண்' என்று தெளிவாக ஒரு கடிதம் அனுப்பினார். அங்கன்வாடி டீச்சர் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சிக்கு யார்?

இங்கே என் ஆயாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமாவின் அம்மா, என் அம்மாவுக்கும் அம்மா. ஆக எனக்கு மாமியாரும் அவர்தான். பேரன் பிறந்தான் என்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தவர். பெண் என்று தெரிந்ததும் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெண் குழந்தைகளைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-ல் எங்கள் மாவட்டத்துக்கும் வர வேண்டியிருந்தது என்றால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "பையன்னே இருந்துட்டுப் போகட்டுமே, காகிதத்துல தானே" என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே உப்புப் பொட்டலம் மடிப்பவரும் அவர்தான்.

சாட்சி வேண்டும் என்று மாமா வீட்டில் சொன்ன அன்று, எழுந்து போய் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. அலுவலகத்தில் அந்த சார், "பாட்டி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "பொறந்த நாள்ல இருந்து குளிப்பாட்டறவ நான். எனக்குத் தெரியாம கவர்மெண்டுக்கா தெரியும்?" என்றார் ஆயா. பெருவிரலை ஊதா மையில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி வைத்து, மிச்ச மையைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். வெள்ளை முடியில் ஒரு கோடு ஊதா, இரண்டு நாள் இருந்தது. ஆயா, உனக்குப் படிக்க வராது, யாராவது படித்துக் காட்டுவார்கள். நன்றி.

அந்தப் பதிவாளர் சாருக்கும். சந்தேகங்களைக் கேட்டீர்கள், இரண்டு முறை திருப்பி அனுப்பினீர்கள். ஆனால் என்ன குறை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினீர்கள். கடைசி நாள் பதிவேட்டைத் திருப்பி எங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. 'ஆண்' என்பது அப்படியே இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பெண்', தேதி, உங்கள் கையெழுத்து. காலியாக இருந்த பெயர்க் கட்டத்தில் அன்றைக்கே அவள் பெயரையும் சேர்த்துவிட்டோம். பெயரைப் பதினைந்து வயது வரை சேர்க்கலாமாம், தாமதக் கட்டணம் மட்டும்தான்.

இ-சேவைத் தம்பி, 'மாற்றம்' என்று அடித்ததற்கு உன்மேல் வருத்தமில்லை. ஆதாரை முதலில் மாற்றிவிடலாம் என்று நான் அவசரப்பட்டபோது, "அக்கா, அதுல பாலினம் ஒரு தடவைதான் திருத்த விடுவான், பிறப்புச் சான்றிதழ் வரட்டும்" என்று தடுத்தாயே, அதற்கு எத்தனை டீ வாங்கிக் கொடுத்தாலும் தகும். இப்போது ஆதாரும் போட்டாயிற்று. தலைமை ஆசிரியை அம்மா, ஜூனில் வருகிறோம். பள்ளிப் பிள்ளைகள் விவரம் ஏற்றும் எமிஸில் இவளை ஏற்றும்போது எந்தக் கேள்வியும் வராது. மாத்திரை நேரம் மட்டும் ஒரு சீட்டில் எழுதித் தருகிறேன்.

குடும்ப அட்டையில் மட்டும் இன்னும் 'மகன்' என்று இருக்கிறது. மனுப் போட்டிருக்கிறோம். மாதா மாதம் அரிசி போடும்போது, "பையன் எங்கம்மா, ஆளையே காணோம்?" என்று இடுப்பில் இருக்கும் இவளைப் பார்த்துச் சிரிக்கும் ரேஷன் கடை அண்ணா, இன்னும் ஒன்றிரண்டு மாதம்தான் அந்தக் கிண்டல். கார்டு வந்ததும் உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பாலக்கோட்டுப் பக்கத்து ஒரு அம்மா