பாதுகாப்புச் சட்டமும் இணையச் சட்டமும் ஒரே கட்டாயப் பாடமாகட்டும்: சட்டக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்விக் குழுவினர் மற்றும் சட்டப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். மதுரையில் குற்றவியல் வழக்குகளை நடத்திவரும் வழக்குரைஞன் நான். வாரத்தில் இரு மாலைகள் சட்ட மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். தேசப் பாதுகாப்புச் சட்டத்தையும் இணையப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒன்றாக இணைத்து, விருப்பப் பாடமாக அல்லாமல், ஒரு கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

2008-ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள் 20 கட்டாயப் பாடங்களையும் 4 செய்முறைப் பாடங்களையும் வகுத்து, அவற்றுக்குமேல் குறைந்தது 6 விருப்பப் பாடங்களையும் படிக்கச் சொல்கின்றன. இந்த அடுக்கில் நான் பேசும் பொருள் சிதறிக் கிடக்கிறது. தடுப்புக்காவல் அரசமைப்புச் சட்ட வகுப்பில் 22-ஆம் பிரிவோடு வந்து போகிறது. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபா, நேரம் இருந்தால் குற்றவியல் வகுப்பில் வருகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டமோ பல கல்லூரிகளில் வேண்டியவர் எடுக்கும் பாடம். எடுத்தவர்களும் '66எஃப் குறித்துச் சிறுகுறிப்பு வரைக' என்ற கேள்விக்குத் தயாராகிறார்களே தவிர, இணையப் பயங்கரவாதத்துக்கான அந்த 66எஃப் குற்றச்சாட்டோடு ஒருவர் அலுவலகப் படியேறி வந்தால் எந்தத் தாளை முதலில் கேட்டு வாங்குவது என்பதற்குத் தயாராவதில்லை. நானும் அப்படித்தான் தேறினேன். தேர்வுக்கு முந்தைய இரவு ஜெராக்ஸ் கடையில் வாங்கிய நாற்பது பக்கக் குறிப்புதான் எனக்கு அந்தப் பாடம் முழுவதும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே மிகத் தெளிவான காரணம் ஒன்று இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டமான, நாம் குண்டர் சட்டம் என்றழைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தில், 2014-இல் 'இணையச் சட்டக் குற்றவாளி' என்ற வகை சேர்க்கப்பட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தில் வரும் குற்றம் ஒன்றைச் செய்ததாகச் சொல்லப்படுபவரை, அவருடைய செயல் பொது ஒழுங்குக்குக் கேடு என்று மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ முடிவுசெய்தால், விசாரணை இன்றியே ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். காவல் ஆணையைச் சரிபார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வழக்குரைஞரை வைத்து வாதாடும் உரிமை அவருக்கு இல்லை. பொதுநலன் கருதி வெளியிட வேண்டாம் என்று அதிகாரி நினைக்கும் விவரங்களை மறைத்து வைக்கவும் அரசமைப்பின் 22(6) இடம் தருகிறது. ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றம் செல்லும் இளம் வழக்குரைஞர் இரண்டு கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை வைத்திருக்க வேண்டும். அந்த மின்னணுச் சான்று எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்பது ஒன்று. காட்டுவது பொது ஒழுங்கைக் குலைக்கும் செயலா, வெறும் சட்டம் ஒழுங்குச் சிக்கலா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை ஒரு வகுப்பிலும் இரண்டாவதை இன்னொரு வகுப்பிலும் படித்தவர், அல்லது முதலாவதைப் படிக்கவே படிக்காதவர், நீதிபதிகள் முன் தடுமாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு நம் மண்ணிலேயே நீண்ட வரலாறு உண்டு. பம்பாயில் வெளியான ஒரு வார இதழைச் சென்னை மாகாண அரசு தன் எல்லைக்குள் தடைசெய்தபோது, பொது ஒழுங்கு என்பதும் அரசின் பாதுகாப்பு என்பதும் ஒன்றல்ல என்று 1950-இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. மறு ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் 'பொது ஒழுங்கு' என்ற சொல்லை, பேச்சுரிமைக்கான வரம்புகளைச் சொல்லும் 19(2)-க்குள் கொண்டுவந்தது. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார். வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் மிகச் சிறிய வட்டமாக அரசின் பாதுகாப்பு. கரும்பலகையில் இம்மூன்று வட்டங்களையும் வரைந்து, ஒரு போலிக் கடன் செயலியையும், ஒரு மருத்துவமனை சர்வரை முடக்கிய தாக்குதலையும், ஓர் அரசியல் மீமையும் எந்தெந்த வட்டத்தில் வைப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டேன். அந்த வகுப்பு ஒன்றரை மணி நேரம் நீண்டது. மீமை நடு வட்டத்தில் வைத்தவர்கள்கூட இருந்தார்கள்!

ஒட்டுக்கேட்பைப் பாருங்கள். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 5(2)-இன்படியும், 2024 ஜூன் முதல் அதன் இடத்தில் உள்ள 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 20(2)-இன்படியும், பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற வாசலைத் தாண்டினால்தான் அரசு ஒரு தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியும். அந்த வாசலை 1996-இல், மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாதாரணக் குற்றப் புலனாய்வுக்காக அதைத் தாண்ட முடியாது என்று 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 2011-இல் பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்துசெய்தது. மாணவர்கள் இத்தீர்ப்பைக் கொண்டாடினார்கள். பிறகு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவை வாசிக்கச் சொன்னேன். கணினி வழிச் செய்திகளை இடைமறிக்கவும் மறைகுறியை நீக்கவும் அதிகாரம் தரும் அந்தப் பிரிவில் அந்த வாசலே இல்லை. எந்தக் குற்றத்தின் புலனாய்வும் அங்கே போதுமான காரணம். ஒரே பேச்சு, குரல் அழைப்பாகப் போனால் ஒரு காப்பு, செயலி வழியாகப் போனால் அதைவிடக் குறைந்த காப்பு. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படாது.

இந்த ஆணைகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் அனைவரும் அரசுச் செயலர்களே. ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வரை பார்க்க வேண்டிய, நடைமுறைக்கு ஒவ்வாத வேலை அக்குழுவின் மேல் விழுந்திருப்பதாக தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 அறிக்கை கூறியது. அதிகாரம் தவறாகப் பயன்படும் என்று நான் முன்கூட்டியே குற்றம் சாட்டவில்லை. நாட்டுக்கு உண்மையான பகைவர்கள் இருக்கிறார்கள், இடைமறிப்பு தேவைப்படும் நேரங்களும் இருக்கின்றன. ஆனால் சரிபார்க்கும் வேலையில் பெரும்பகுதி, ஆணை நீதிமன்றத்துக்கு வரும் அந்த அபூர்வ நாளில் எதிரே நிற்கும் வழக்குரைஞரின் தலையில்தான் விழுகிறது.

அந்த நாளில் பெரும்பாலும் வருவது, நீதிபதி மட்டும் பார்க்க அரசுத் தரப்பு தரும் சீலிடப்பட்ட ஓர் உறை. கைப்பேசிகளை உளவு பார்க்கும் மென்பொருளான பெகாசஸ் பற்றிய வழக்கில், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்னவுடனேயே நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளாது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறி, ஒரு தொழில்நுட்பக் குழுவை அமைத்தது. அந்தக் குழு ஆராய்ந்த 29 கைப்பேசிகளில் 5-இல் ஏதோ ஒரு தீநிரல் (மால்வேர்) இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்பதற்கு முடிவான சான்று இல்லை என்றும் 2022 ஆகஸ்டில் தெரிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மீடியாஒன் என்ற மலையாளத் தொலைக்காட்சியின் வழக்கில், உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த காரணத்தைச் சீலிட்ட உறைக்குள் வைத்தது முறையல்ல என்று தீர்ப்பு வந்தது. உறையைத் திறக்கச் சொல்வதற்கும், முழுதும் திறக்க முடியாதபோது சுருக்கத்தையாவது கேட்டுப் பெறுவதற்கும் ஒரு வாதமுறை இருக்கிறது. அதை எந்தச் செய்முறைப் பாடத்திலும் நாம் பழக்குவதில்லை.

இயந்திரம் எப்படி இயங்குகிறது என்பதும் இந்தப் பாடத்தின் பாதி. புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுச் சான்றுக்குக் கேட்கும் சான்றிதழில் ஒரு பகுதியைத் தாக்கல் செய்யும் தரப்பும் மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும், கோப்பின் ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது; ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் முற்றிலும் வேறாகிவிடும். படிவத்தில் எஸ்ஹெச்ஏ1, எஸ்ஹெச்ஏ256, எம்டி5 என்று தேர்வுகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. இவற்றுள் எம்டி5 முறையில், ஒரே கைரேகை கொண்ட இரு வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பது 2004-லேயே காட்டப்பட்டது. எஸ்ஹெச்ஏ1-க்கு 2017-இல் அதே கதி. சான்றிதழில் எம்டி5 மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் குறுக்கு விசாரணையில் என்ன கேட்பது, எந்த அளவுக்கு மேல் அந்த வாதம் செல்லாது என்பதை அறிய கணினிப் பொறியியல் பட்டம் தேவையில்லை, நான்கு வகுப்புகள் போதும்.

குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்குரைஞருக்கு மட்டும் உரிய பாடமும் அல்ல இது. இணையத் தாக்குதல்களைக் கையாளும் ஒன்றிய அரசின் அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, இணையத் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும், கணினிகளில் நடந்ததைக் காட்டும் 180 நாள் லாக் பதிவுகளை வைத்திருக்க வேண்டும், தவறினால் சிறைத் தண்டனையும் உண்டு. ஊரிலுள்ள கூட்டுறவு வங்கிக்கோ நடுத்தர மருத்துவமனைக்கோ இரவு பதினொரு மணிக்குத் தாக்குதல் தெரியவந்தால், அவர்கள் அழைப்பது டெல்லியின் பெரிய நிறுவனத்தை அல்ல, வாடகை வழக்கையும் காசோலை வழக்கையும் நடத்தித் தரும் உள்ளூர் வழக்குரைஞரைத்தான்.

கூடங்குளம் நினைவிருக்கும். 2019 அக்டோபர் 29 அன்று தாக்குதல் எதுவும் இல்லை என்று அணுமின் நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே, நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்தது உண்மை என்றும், உலைக் கட்டுப்பாட்டு அமைப்பு தனித்தே இருப்பதால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அதைத் தெரிவித்திருந்தது. இடைப்பட்ட எட்டு வாரங்களில் அணுமின் நிலையத்தை அடுத்த இடிந்தகரையில் வாழும் ஒருவருக்கு அதை அறியும் உரிமை இருந்ததா? 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு இதே கேள்விக்கு விடை மாறுகிறதா? ஒரு பருவம் முழுவதும் நடத்தக்கூடிய பாடம் இந்த ஒரு நிகழ்வில் இருக்கிறது.

பாடச்சுமை கூடும், கற்பிக்க ஆசிரியர் இல்லை என்ற மறுப்புகள் வரும். சுமைக்கு, சிதறிக் கிடக்கும் பகுதிகளை ஒன்றுசேர்த்தாலே பாதிப் பாடம் தயார் என்பது என் பதில். ஆசிரியர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2020-இல் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே குஜராத்தில் ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகமும் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமும் அமைந்தன. புலனாய்வுத் தரப்பைப் பயிற்றுவிக்க ஆளும் பணமும் கிடைக்கும் நாட்டில், நீதிமன்றத்தின் மறுபக்க நாற்காலிக்கு ஒரு பாடவேளைகூடக் கிடைக்கவில்லை என்றால், அதைப் பற்றாக்குறை என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

எனவே குழுவின் முன் வைப்பது இவ்வளவே. மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டிலும், ஐந்தாண்டுப் படிப்பில் நான்காம் ஆண்டிலும் இந்தக் கட்டாயப் பாடம் இடம்பெறட்டும். மதிப்பெண்ணில் பாதி செய்முறைக்குப் போகட்டும்: ஓர் ஒட்டுக்கேட்பு ஆணையை எதிர்த்து மனு எழுதுதல், அதே ஆணையை அரசுத் தரப்பில் நின்று காத்து வாதிடுதல், 6 மணி நேர அறிக்கை ஒன்றைக் கடிகாரம் வைத்துத் தயாரித்தல், 63-ஆம் பிரிவுச் சான்றிதழை வைத்துக் குறுக்கு விசாரணை செய்தல். தமிழில் தேர்வெழுதும் மாணவர்களுக்கு இணையான நூலும் கலைச்சொற்பட்டியலும் பாடம் தொடங்கும் நாளிலேயே கையில் இருக்கட்டும். இரண்டாண்டு கழித்து வரும் மொழிபெயர்ப்பு அவர்களுக்கு உதவாது.

என் வகுப்பில் பயன்படுத்தும் மாதிரி ஆணைகள், வழக்குக் குறிப்புகள், அந்த மூன்று வட்டங்களின் வரைபடம் ஆகியவற்றைக் குழு விரும்பினால் அனுப்பிவைக்கிறேன். வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்டம் இறுதியாவதற்கு முன், இந்தக் கோரிக்கை குழுவின் முன் வைக்கப்பட்டதா, என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வழக்குரைஞர்,
மதுரை.