தட்டணு குறைந்தால் டெங்குதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்துவிட்டால் டெங்கு, தட்டணு (பிளேட்லெட்), பப்பாளி இலைச் சாறு என்று உங்கள் நாளிதழில் செய்தி வராத நாளே இல்லை. வரட்டும், தேவைதான். ஆனால் தட்டணு குறைந்தாலே டெங்கு என்று ஊரே முடிவு கட்டிவிடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

ஏபிஎல் என்று ஒரு ரத்தப் புற்றுநோய் உண்டு, முழுப்பெயர் அக்யூட் புரோமைலோசைடிக் லுகேமியா. அரிதுதான், ஆனால் பொல்லாதது. ஈறில் ரத்தம், அடிபடாமலே கன்றிப்போகும் தோல், பெண்களுக்கு நிற்காத மாதவிடாய். ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனை எடுத்தால் தட்டணு குறைவு, பலருக்கு வெள்ளை அணுவும் குறைவு, பார்த்தால் டெங்கு ரிப்போர்ட் மாதிரியே இருக்கும். டெங்கு முற்றினால் ரத்தம் கெட்டிப்பட்டு பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும், இதில் பெரும்பாலும் ஹீமோகுளோபின் இறங்கும். மெஷின் தரும் எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் (இதைத்தான் ஸ்மியர் என்போம்) பெரும்பாலும் பிடிபட்டுவிடும்: அணு முழுக்கச் செம்ஊதாத் துகள்கள், சிலவற்றில் விறகுக்கட்டு மாதிரி குச்சிகள். சின்ன ஆய்வகங்களில் இதற்கு இப்போது யாருக்கு நேரம் இருக்கிறது, சொல்லுங்கள்!

அவசரம் எதற்கென்றால், இந்த நோய் ரத்தம் உறையும் ஏற்பாட்டையே குலைத்துவிடும், மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக்கசிவு வந்து முதல் சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் ரத்தப் புற்றுநோய்களிலேயே நன்றாகக் குணமாகிற ஒன்று இதுதான். 1980களில் ஷாங்காய் மருத்துவர்கள் இதற்குக் கொடுத்துப் பார்த்த அட்ரா என்ற மாத்திரை, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. அதோடு ஆர்செனிக் ட்ரையாக்சைடு, நம் ஊர் வெள்ளைப் பாஷாணமேதான், சுத்திகரித்து அளந்து நரம்பில் ஏற்றுவது. (இதைப் படித்துவிட்டு யாரும் பாஷாணம் தேடிக் கிளம்ப வேண்டாம், இதயத் துடிப்பைக்கூடக் கெடுக்கும், ஈசிஜியும் பொட்டாசியமும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.) வேலூர் சிஎம்சியில் ஆர்செனிக் ஒன்றையே கொடுத்துப் பலரைக் குணப்படுத்தி, அதை உலக மருத்துவ இதழ்களிலும் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று. மருந்து தொடங்கியபின் சிலருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல், கால்வீக்கம் வரும், சில நாளிலேயே எடை கிடுகிடுவென ஏறும். மருந்து வேலை செய்து புற்றணுக்கள் முதிரும்போது வருகிற சிக்கல் இது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியை உடனே தொடங்கினால் பெரும்பாலும் அடங்கும். "மருந்து ஒத்துக்கல, வீட்டுக்குப் போயிடலாம்" என்று உறவினர்கள் கிளம்புவதும் இந்தக் கட்டத்தில்தான், கிளம்பவே கூடாத நேரமும் இதுதான்.

நோயை உறுதிசெய்யும் மரபணுச் சோதனை முடிவு வர நாளாகும், அதற்குக் காத்திருக்காமல் சந்தேகம் வந்த அன்றே அட்ராவைத் தொடங்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இருக்கிறது. அப்படியானால் பெரிய ஊருக்கு ஆம்புலன்ஸ் ஏற்றிவிடும் முன்பே முதல் மாத்திரை வாய்க்குள் போக வேண்டாமா? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் நாலைந்து நாளுக்கான அட்ரா இருக்க வேண்டும், தட்டணு மிகவும் குறைந்த ஒவ்வொருவருக்கும் ஸ்மியரைக் கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த டெங்கு செய்தியோடு இதையும் இரண்டு வரி போடுங்கள் சார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
திருவண்ணாமலை