வண்ணமீன் வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போயின. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது, நான் அதில் கை வைக்கவில்லை.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றுதான்: புதிதாக மீன் வளர்க்க வருகிறவர்களை ஜீப்ரா டேனியோ என்ற சின்ன வரிமீனில் தொடங்க வைத்தது. ஏஞ்சல், ஆஸ்கர் போன்ற பெரிய மீன்கள் என்று ஆசையோடு வருகிறவரிடம் இரண்டு அங்குலம்கூட வளராத இந்த வரிமீனைக் காட்டினால் முகம் சுருங்கத்தான் செய்யும். ஆனால் சென்னைத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் இதைவிடத் தோதான மீன் ஏது? கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து ஓடைகளிலும் நெல்வயல்களிலும் வாழ்கிற நம் நாட்டு மீன் இது. 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர் கங்கை மீன்களைப் பற்றி எழுதியபோதே இதைப் பதிவு செய்துவிட்டார். பனிக்காலத்தில் சில்லென்றும் கோடையில் சூடாகவும் கிடக்கும் ஆழமில்லாத நீரில் பழகியதால், இதற்கு ஹீட்டர் செலவு இல்லை. ஒயிட் கிளவுட் மீனும் சேர்க்கலாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அது சீனாவின் குவாங்சோ பக்கத்து மலை ஓடை மீன், குளிர்ந்த நீர் கேட்கும். மே மாதத்தில் அதற்கென்று ஏசி போட நம்மில் எத்தனை பேரால் முடியும்? செயற்குழு வேண்டாம் என்றுவிட்டது.

மீன் சரி, வாங்குகிற முறையில்தான் கோளாறு. கொளத்தூரானாலும் மூர் மார்க்கெட்டானாலும் சின்ன மீன்களுக்கு ஜோடிக் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள். நாமும் பழக்கதோஷத்தில் ஒரு ஜோடி ஜீப்ரா, ஒரு ஜோடி மோலி, ஒரு ஜோடி டெட்ரா என்று கலந்து வாங்கி வந்துவிடுகிறோம். ஜீப்ரா கூட்டமாக வாழ்கிற மீன். இரண்டே இருந்தால் ஒன்று மற்றதை நாள் முழுக்கத் துரத்தும். தனியாக விட்டால் கப்பியின் வாலைக் கடிக்கப் போகும். எட்டுப் பத்து சேர்ந்துவிட்டால் துரத்தல் எல்லார்மீதும் பரவி விளையாட்டுபோல ஆகிவிடும். “ஒண்ணு மூலையிலேயே நிக்குது சார், சீக்கா?” என்று நமக்கு வந்த போன்களில் பல, சீக்கு இல்லை, ஜோடியாக வாங்கியதன் விளைவு. ஆகவே சங்கமே மொத்தமாக வாங்கி, பத்துப் பத்தாகப் பிரித்து, வாங்கிய விலைக்கே உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. ஒரு கடைக்காரர் நம்மை வினோதமாகப் பார்த்தார். “எல்லாம் ஒரே மாதிரியா இருந்தா வீட்ல பிள்ளைங்களுக்கு போரடிக்காதா?” என்றார். அவர் தொழில் அவருக்கு.

தொட்டியைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும், பத்து ஜீப்ராவுக்குப் போதும். நீளம்தான் முக்கியம், உயரம் அல்ல. குண்டு ஜாடி கூடவே கூடாது. துள்ளுகிற மீன் என்பதால் மூடி கட்டாயம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சை முறிக்கும் நல்ல பாக்டீரியா பில்டரில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அதற்குள் கூட்டத்தை இறக்கினால் அம்மோனியா ஏறி எவ்வளவு உறுதியான மீனும் படுத்துவிடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குகிறார்கள், என்ன செய்வது!

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காக நடத்திய குஞ்சு பொரிப்புப் பயிற்சிதான் இந்த ஆண்டின் சிறப்பு. அடியில் கோலிக்குண்டு பரப்பிய சின்னத் தொட்டியில் முந்தைய நாள் மாலையே வயிறு பருத்த பெண் மீன்களையும் ஒல்லியான ஆண் மீன்களையும் விட்டோம். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிட ஆரம்பித்தன. கோலி இடுக்கில் விழாத முட்டையை அவையே தின்றுவிடும், அதனால் உடனே பெரிய மீன்களை எடுத்துவிட்டோம். கண்ணாடிபோலத் தெளிந்த முட்டை, சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். மறுநாள் லென்ஸ் வழியாகப் பார்த்த பிள்ளைகள், உள்ளே இதயம் துடிப்பதைக் கண்டு வரிசையைக் கலைத்து முண்டியடித்தார்கள். இந்தத் தெளிவுக்காகத்தான் ஆய்வுக்கூடங்களும் இந்த மீனைப் பிடித்துக்கொண்டன. ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற உயிரியலாளர் அமெரிக்காவின் ஓரிகனில் தொடங்கிவைத்த வேலை அது, 2013இல் இதன் மரபணுத் தொகுதி முழுதாக வெளியானது. இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் வெளிவந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன, நீந்தத் தொடங்கியதும் இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி கொடுத்தோம்.

இப்போது குஞ்சுகள் மிஞ்சிவிட்டன. வேண்டியவர்கள் பெயர் கொடுங்கள். கூடுதல் என்று யாரும் ரெட்டேரியில் கொண்டுபோய் விட வேண்டாம். தொட்டிப் பாசியைத் தின்ன வாங்குகிற டேங்க் கிளீனர் மீன் இப்படித்தான் நம் ஊர் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது, வலை வீசுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

வரும் ஆண்டில் இலங்கையின் செர்ரி பார்ப் என்ற சின்ன மீனை இதேபோல் கூட்டமாக வளர்த்துப் பார்க்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பயிற்சிக்கு இடம் கொடுத்த உறுப்பினர் குடும்பத்துக்கும், விடியற்காலையில் காபி போட்டுக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்