கையேடு படிக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இணையச் செயலியைப் பராமரிக்கும் குழுவில் உன்னைச் சேர்த்திருக்கிறார்கள் என்றும், ஜாவா மொழியில் இணையச் செயலிகள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டை மூன்று வாரத்துக்குள் கற்றுக்கொள்ளும்படி நூறு பக்கங்கூட இல்லாத நான்கு கையேடுகளைக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். "எல்லாவற்றையும் படித்துவிட்டேன், எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஓடுகின்றன, ஆனால் வேலையில் உள்ள நிரலைத் திறந்தால் ஒன்றும் புரியவில்லை" என்று நீ சொன்னபோது உன் குரல் மிகவும் தளர்ந்திருந்தது. தொலைபேசியில் எனக்குப் பதில் சரியாக வரவில்லை. இதே வேலையை இருபது ஆண்டுகள் செய்தவள் என்பதால், நிதானமாக எழுதுவதே நல்லது என்று உட்கார்ந்தேன்.

நானும் அத்தகைய ஒரு கையேட்டில்தான் தொடங்கினேன். 2003-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலக அலமாரியில் இருந்த ஜே2ஈஈ (நிறுவனச் செயலிகளுக்கான ஜாவா தொகுப்பு) புத்தகங்கள் ஒவ்வொன்றும் தலையணை அளவு இருந்தன. அவற்றைத் தொடவே பயந்து, இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா நிரலான சர்வ்லெட் பற்றிய மெலிந்த கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டே இரவில் முடித்தேன். அதன் முதல் பக்கங்களில் ஒரு வரி இருந்தது: ஒரு சர்வ்லெட்டுக்கு, அதை இயக்கும் டாம்கேட் சர்வர் ஒரே ஒரு ஆப்ஜெக்டைத்தான் (நினைவகத்தில் இயங்கும் பிரதியைத்தான்) உருவாக்கும், வரும் கோரிக்கைகள் அனைத்தும் தனித்தனி த்ரெட்டுகளாக (ஒரே நேரத்தில் ஓடும் செயலோட்டங்களாக) அதன் வழியாகவே செல்லும். எளிதாகப் புரிந்த வரிதானே என்று கடந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்தால் அவருடைய கணக்கைக் காட்டும் பக்கம் ஒன்றை எழுதினேன். அந்த எண்ணை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக ஓடும் மெத்தடுக்குள் வைக்காமல், எல்லாக் கோரிக்கைகளும் பகிரும் கிளாஸின் மட்டத்தில் ஒரு மாறியாக வைத்தேன். என் கணினியில் நான் ஒருத்தி, ஒரே உலாவி; எத்தனை முறை சோதித்தாலும் சரியாகவே வந்தது. உண்மையான பயன்பாட்டுக்குச் சென்ற முதல் வாரத்தில், ஒருவர் தம் எண்ணைக் கொடுத்தபோது வேறொருவருடைய கணக்கு அவருக்குத் திரையில் வந்தது. இருவரும் ஏறக்குறைய ஒரே நொடியில் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள்; முதல் த்ரெட் எழுதிவைத்த எண்ணின் மேல் இரண்டாவது த்ரெட் தன் எண்ணை எழுதிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. திருத்தம் ஒரே ஒரு வரியை மெத்தடுக்குள் நகர்த்துவதுதான். அந்த இரண்டு நாட்களில் எத்தனை பேருடைய கணக்கு யார் யார் கண்ணில் பட்டிருக்குமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

இதை உனக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்பிரிங்கில் நீ எழுதும், கோரிக்கையை வாங்கும் கன்ட்ரோலரும் அதன் வேலையைச் செய்யும் சர்வீஸும் நீ வேறு விதமாகக் கேட்காத வரையில் ஒவ்வொன்றும் ஒரே ஆப்ஜெக்டாகத்தான் இருக்கும். நான் செய்த அதே தவற்றை இன்றும் அப்படியே செய்யலாம். உன் கையேட்டிலும் அது ஒரு வரியாகத்தான் இருக்கும்.

சுருங்கச் சொல்வது வேறு, குன்றக் கூறுவது வேறு என்று பள்ளியில் தமிழாசிரியர் பிரித்துக் காட்டியது உனக்கு நினைவிருக்கும். நல்ல கையேடு சுருங்கச் சொல்கிறது. அதில் கடந்துபோகக்கூடிய வரி என்று ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு நாளில் ஐம்பது பக்கம் ஓட்டாதே. ஒரு வரியைப் படித்ததும், அது பொய்யாகிப்போகும் நிலையை நீயே உருவாக்கிப் பார். எடுத்துக்காட்டு ஓடுவதைப் பார்த்தால் மட்டும் போதாது. அது எப்போது ஓடாமல் நிற்கும் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

டிரான்சாக்ஷனை, அதாவது தரவுத்தளத்தில் எழுதுபவை எல்லாம் நிலைக்கும் அல்லது எல்லாம் நீங்கும் என்ற ஏற்பாட்டை, எடுத்துக்கொள். மெத்தடின் தலையில் ஓர் அனோட்டேஷனை (@ குறியோடு தொடங்கும் குறிப்பை) வைத்தால் போதும் என்று கையேடு சொல்லும். நீ அந்த மெத்தடின் நடுவில் வேண்டுமென்றே ஒரு ரன்டைம் எக்ஸப்ஷனை (கையாளும்படி ஜாவா கட்டாயப்படுத்தாத பிழையை) எறி. தரவுத்தளத்தில் எழுதியது திரும்பப் பெறப்படும். அதே இடத்தில் ஐஓ எக்ஸப்ஷன் போன்ற ஒரு செக்டு எக்ஸப்ஷனை (கையாளும்படி ஜாவா கட்டாயப்படுத்தும் பிழையை) எறி. இயல்பான அமைப்பில் எழுதியது அப்படியே நிலைத்துவிடும். பிறகு அதே கிளாஸில் உள்ள இன்னொரு மெத்தடிலிருந்து அதை அழைத்துப் பார். அந்த அழைப்பு ஸ்பிரிங்கின் ப்ராக்ஸி என்ற இடைத்தரகர் வழியாகச் செல்லாததால், இயல்பான அமைப்பில் அனோட்டேஷன் வேலையே செய்யாது. பிரீமியம் வரவு வைக்கப்பட்டு ரசீது பதிவாகாமல் போகும் பிழைகள் இத்தகைய இடங்களில்தான் பிறக்கின்றன.

கையேட்டின் எடுத்துக்காட்டுத் தரவு அட்டவணையில் மூன்று வரிசைகள்தாம் இருக்கும். நீ அதில் நூறு பாலிசிதாரர்களை இட்டு, ஜாவாவையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் ஹைபர்னேட் அனுப்பும் எஸ்க்யூஎல் வினவல்களை லாகில் (செயல் பதிவில்) அச்சிடச் செய். பட்டியலுக்கு ஒரு வினவல், ஒவ்வொருவருடைய பாலிசிகளையும் எடுக்க ஒவ்வொன்று என 101 வினவல்கள் போவதை உன் கண்ணால் பார்ப்பாய். மூன்று வரிசைகளுக்கு நான்கு வினவல்கள் போனால் யாருக்கும் உறைக்காது. அதுபோல, ஸ்பிரிங் பூட்டோடு வரும் டாம்கேட் இயல்பாக 200 த்ரெட்டுகள் வரை திறக்கும். தரவுத்தள இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் ஹிக்காரி கனெக்ஷன் பூலில் இருப்பதோ இயல்பாக 10 இணைப்புகள். டிரான்சாக்ஷனுக்குள் இருந்துகொண்டே மெதுவான வெளிச்சேவை ஒன்றை அழைத்தால், பத்துப் பேர் இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் 30 விநாடி காத்திருந்து பிழையோடு திரும்புவார்கள்.

கையேட்டின் ஆண்டையும் பார்த்துக்கொள். ஜே2ஈஈயின் பிற்காலப் பெயரான ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக ஆரக்கிள் 2017-இல் அறிவித்தது. 2018-இல் அதற்கு ஜகார்த்தா ஈஈ என்று பெயராயிற்று. 2020-இல் வந்த 9-ஆம் பதிப்பில் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய அதன் பேக்கேஜ் (கிளாஸ்களின் தொகுப்பு) பெயர்கள் ஜகார்த்தா என்று மாறின. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3 புதிய பெயர்களையே ஏற்கும், ஜாவா 17-ஐயாவது கேட்கும். உன் கையேடுகளில் ஒன்று பழையது என்றால் பேக்கேஜ்களை நிரலுக்குள் கொண்டுவரும் அதன் இம்போர்ட் வரிகள் சிவப்பாகவே நிற்கும். அது உன் பிழை அன்று. ஆனால் ஜாவாக்ஸ் என்ற சொல்லை எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாற்றிவிடாதே. ஜாவாக்ஸ் எஸ்க்யூஎல் போன்றவை ஜாவாவோடு சேர்ந்தே வருபவை, அவை பழைய பெயரிலேயே இருக்கின்றன.

வேலையில் உள்ள நிரல் புரியவில்லை என்றாயே, அதற்கு ஒரு வழி எனக்குக் கைகொடுத்தது. மொத்தமாகப் படிக்க முயலாமல் ஒரே ஒரு திரையைத் தேர்ந்தெடு. பிரீமியம் நிலுவையைக் காட்டும் பக்கம் என்று வைத்துக்கொள். பொத்தானை அழுத்தியதிலிருந்து கன்ட்ரோலர், சர்வீஸ், தரவைத் தேடித்தரும் ரெபாசிட்டரி, கடைசியில் போகும் எஸ்க்யூஎல் வரை, நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் டீபக்கரில் படிப்படியாகச் சென்று, காகிதத்தில் வரைந்துகொண்டே போ. ஒரு கோரிக்கையின் பாதை தெளிந்தால் அடுத்தது பாதி நேரத்தில் தெளியும். மூன்று வாரம் போதாவிட்டால், குழுத்தலைவரிடம் தயங்காமல் சொல்லிவிடு.

என் பழைய சர்வ்லெட் கையேட்டைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். நான் கடந்துபோன அந்த வரியின் கீழே, அந்த இரண்டாம் நாள் இரவு சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ அழைப்பதற்குள், உங்கள் சர்வீஸ் கிளாஸ்களில் அத்தகைய மாறி எங்காவது இருக்கிறதா என்று பார்த்து வை.

அன்புடன்,
அம்மா