தேன்மொழி கேட்ட கேள்விக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. விடைத்தாள் திருத்தும் வேலையில் பதில் எழுத முடியாமல் போய்விட்டது. மூட்டு வலி எப்படி இருக்கிறது? இங்கே மழை விட்டபாடில்லை.

தேன்மொழி உளவியல் எடுத்திருக்கிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. "சமூக உளவியல்னா எல்லாருக்கும் தெரிஞ்சதைத்தானே பெரிய வார்த்தையில சொல்றாங்க?" என்று கேட்டாளாமே. நல்ல கேள்வி. அவளுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு சம்பவம் இருக்கிறது.

1964 மார்ச் 13 விடியற்காலை, நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் என்ற 28 வயதுப் பெண் வீட்டருகே கத்தியால் குத்தப்பட்டு இறந்தாள். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது: அக்கம்பக்கத்தார் 38 பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், கொலை நடந்தபோது ஒருவர்கூட போலீசை அழைக்கவில்லை. நகரத்து மனிதர்களுக்கு ஈரமே இல்லை என்று ஊரெல்லாம் பேசியது.

டார்லி, லட்டானே என்ற இரண்டு உளவியலாளர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். கூட்டம் இருந்தும் யாரும் வரவில்லையா, கூட்டம் இருந்ததால்தான் யாரும் வரவில்லையா? பொது அறிவை நம்பினால், ஆள் அதிகம் என்றால் உதவியும் அதிகம் என்றுதான் சொல்லத் தோன்றும். அவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, மைக்கில் மற்றவர்களோடு பேச வைத்தார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவது போன்ற குரல் கேட்கும். அது ஏற்கெனவே பதிவு செய்த குரல். முக்கியமாக மாற்றியது ஒன்றைத்தான்: இந்தக் குரலை இன்னும் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அந்த மாணவர் நம்புகிறார் என்பதை. யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல முடிவு செய்வார்கள். அப்படிச் செய்தால்தான் இளகிய மனசுக்காரர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடாமல் இருப்பார்கள். தேன்மொழி முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

தான் மட்டுமே கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் வலிப்பு முடிவதற்குள் எழுந்து போய்ச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். சொல்லாமல் இருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் இல்லை, செல்வம். ஆய்வாளர் உள்ளே வந்தபோது பலருக்குக் கை நடுங்கியது, "அவருக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்கள். பொறுப்பு பல பேருக்குள் பங்கு போய்விடுகிறது. இதைத்தான் பொறுப்புச் சிதறல் என்கிறார்கள்.

இங்கே அவளை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல். ஐந்து பேர், ஒவ்வொருவரும் தனித்தனியாக உதவ 31 சதவீத வாய்ப்பு. ஐவரில் யாராவது ஒருவராவது எழுந்திருக்க எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய 84 சதவீதம். ஒரே ஆள் இருந்தபோது கிடைத்த 85க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது பார்! 'ஒரு ஆள் உதவுவாரா', 'விழுந்தவருக்கு உதவி கிடைக்குமா' என்பவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். என் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களில் கண்காணிப்புக் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் தலையிட்டிருந்தார். ஆள் கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடியது.

அப்புறம், அந்த 38 பேர் கதை. பல வருடம் நான் அதை அப்படியே வகுப்பில் சொல்லிவந்தேன். அது என் தவறுதான். 2007இல் மூன்று உளவியலாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டி, 38 பேர் நின்று பார்த்ததற்குச் சான்று இல்லை என்று காட்டினார்கள். கொலையாளி இரண்டு முறை தாக்கியிருந்தான்; இரண்டாவது தாக்குதல் நடந்தது தெருவுக்குத் தெரியாத படிக்கட்டடியில். அண்டைவீட்டுப் பெண் ஒருவர் ஓடிவந்து கிட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அணைப்பை விட்டுவிட்டு இத்தனை வருடம் கதை சொல்லியிருக்கிறோமே என்று எனக்கு ஆறவில்லை. இத்தனைக்கும் சோதனை பொய்யாகவில்லை. தவறான செய்தியிலிருந்து பிறந்தாலும், அது தன் காலில்தான் நிற்கிறது.

பொங்கலுக்கு வரும்போது தேன்மொழியையும் அழைத்து வா. வலிப்பு என்று நம்பவைத்து மாணவர்களைப் பதற வைத்தது சரியா என்று அவளிடம் கேட்கப்போகிறேன். உண்மையைப் பின்னால் விளக்கிச் சொன்னார்கள்தான், இருந்தாலும் எனக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ராமு